திருப்பூர்ல ரீகன் பாடுன அன்னைக்கு

அதான் சொல்றேன்ல, தப்பு ரீகன் மேல இல்ல! தூத்துக்குடி உப்பளத்துல வளந்தவன், அதப் பத்தியே ராப் எழுதுவான், நான் பீட் போடுவேன். பாட்டுக் கேக்குற ஆப்தான் அத ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்ப் பேச்சா மாத்தி, அவன் குரல்லயே குடுத்துச்சு. தமிழ்நாடே கேட்டுச்சு.

திருப்பூர்ல முதல் மேடை. "எங்க உப்பத் தின்னுட்டு எங்கலே போற?"ன்னு அவன் தூத்துக்குடிப் பேச்சுலயே ஆரம்பிச்சதும் முன்வரிசையில ஒருத்தன் கத்துறான்:

"ஏனுங்க, டூப்ப எறக்கிட்டீங்களா? ரீகன் எங்கூர்ப் பையனுங்க!"

உடனே கூட்டம் முழுக்க ஊளை.

ஆப் கம்பெனிக்காரர், "தம்பி, அடுத்த ஷோல வாய மட்டும் அசைங்க, ஆப் பாடிக்கும்"ங்கிறார். ரீகன் என்னையப் பாத்து, "என்னல செய்ய?"ங்கிறான். எனக்கு மண்ட காயுது.

நீங்களும் அவன் பாட்ட உங்க ஊர்ப் பேச்சுலதான கேட்டிருப்பீங்க? மேடையில அவன் அவனாவே பாடுனா, நின்னு கேப்பீங்களா?