கிட்டுவின் லீவர் துப்பாக்கி

"இந்தா ஜம்பு, இனிமே இது உன்னோடது" என்று கிட்டுசாமி துப்பாக்கியை நீட்டியதும் ஜம்புநாதன் அதை வாங்கிக்கொண்டு, துப்பாக்கியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. டெக்சாஸில் மான் சீசன் தொடங்கும் நாள். சிநேகிதர்கள் இருவரும் விடிகாலையில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியிலிருந்து கிளம்பி, கொலம்பஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் வருடா வருடம் குத்தகைக்கு எடுக்கும் காட்டுக்கு வந்து, உயரக் கால்கள் வைத்த மரக்கூண்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

கிரீன் கார்டு வந்தால் ஊர் உலகமெல்லாம் வீடு பார்க்கும். கிட்டு நேராகப் போய் இந்தத் துப்பாக்கியைத்தான் வாங்கினான். வால்நட் மரக்கட்டை, கைப்பிடிக்கு அடியில் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சடக் சடக்'கென்று பழைய தோட்டா வெளியே குதிக்கும், புதுத் தோட்டா உள்ளே ஏறும்.

"ஸ்கோப் மாட்டிக்கிட்டு நானூறு கஜத்துல இருந்து சுடறதெல்லாம் வேட்டையாடா? வீடியோ கேம்! இது தர்ட்டி-தர்ட்டி தோட்டா. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எவனாலயும் இதை ரிடையர் பண்ண முடியல. ஆனா மான் நூறு கஜத்துக்குள்ள வரணும். வர்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காரணும். அதுலதான்டா சுகமே இருக்கு!"

பார்ட்டியில் யார் சிக்கினாலும் இதே காலட்சேபம்தான். "பேசாம இந்தத் துப்பாக்கிக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்று அவன் மனைவி பிரீத்தி தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்தவன் அதைத் தொட்டாலே கைக்குட்டையால் துடைத்து வைக்கிற ஆள் அவன். அவனா தூக்கிக் கொடுக்கிறான்?

"விளையாடாதடா" என்றான் ஜம்பு.

"நிஜமாத்தான். இனிமே இது வீட்டுல இருக்க வேணாம்." கிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

ஆகஸ்டில் கிட்டுவுக்கு வேலை போனது. அன்றிலிருந்தே ஜம்பு கவனித்துக்கொண்டுதான் இருந்தான். சவரம் செய்வதை நிறுத்திவிட்டான், தாடி கழுத்தை மறைக்கப் பார்க்கிறது. "வீட்டுக்கு வர்றோம்டா" என்றால், "இப்ப வேணாமே" என்று நழுவுகிறான்.

பேர்லாண்ட் கோயிலில் விநாயகர் சதுர்த்தியன்று வருடந்தவறாமல் சிதறுகாய் உடைக்கிறவன், இந்த வருடம் தேங்காயை ஜம்புவின் கையில் திணித்து, "நீயே உடைச்சிடு" என்று ஒதுங்கிக்கொண்டான். கடவுள் நம்பிக்கையே விட்டுப்போயிற்றா இவனுக்கு என்று ஜம்புவுக்கு அன்றே சுருக்கென்றது.

போன மாதம் ஆபீஸில் ஒரு வீடியோ போட்டார்கள். உயிரை விடத் துணிந்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள், தங்களுக்கு உயிரான பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள், கண்டால் சும்மா இருக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள் என்றது அது. எல்லாரும் போனை நோண்டிக்கொண்டு பார்த்த வீடியோ! இப்போது அதன் ஒவ்வொரு வரியும் ஜம்புவின் காதில் வந்து அறைந்தது.

கேட்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது?

அந்த நேரம் பார்த்து ஓக் மரங்களுக்கிடையிலிருந்து மான் வந்தது. கிளைகிளையாகக் கொம்பு. இந்தப் பத்து வருடத்தில் இருவரும் இவ்வளவு பெரிய மானைப் பார்த்ததில்லை. அறுபது கஜத்தில், அப்படியே பக்கவாட்டில் திரும்பி நின்றது.

"கிட்டு, நீ சுடு" என்று கிசுகிசுத்தான் ஜம்பு. ஒரு தடவை அந்தப் பழைய வெறி வந்துவிட்டால் போதும், ஆள் தேறிவிடுவான் என்று ஒரு நப்பாசை. துப்பாக்கியை அவன் கையிலேயே திருப்பி வைத்தான்.

கிட்டு வாங்கினான். தோளில் ஏற்றினான். ஏற்றியவன் அப்படியே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெறிபிடித்தவன் மாதிரி லீவரைத் தள்ளி இழுத்தான். சடக், சடக், சடக். சுடாத தோட்டாக்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் விழுந்து உருண்டன. மான் ஒரே தாவலில் மறைந்துவிட்டது.

கீழே விழுந்த ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான் கிட்டு. அவன் கண்கள் நிரம்பியிருந்தன.

ஜம்பு பாய்ந்தான். துப்பாக்கியைப் பிடுங்கி மூலையில் சாத்திவிட்டு, அவன் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினான்.

"டேய், வேலைதானடா போச்சு? உசுரு போன மாதிரி ஆயிட்டியே! நான் இருக்கேன்டா, என் வீட்டுல வந்து இருங்க ரெண்டு பேரும். செத்துடலாம்னு நினைக்கிறியா? உண்மையச் சொல்லு!" சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே அழுகை வெடித்தது.

கிட்டு திகைத்துப்போய் அவனைப் பார்த்தான். பிறகு காலியான ஓக் மரத்தடியைப் பார்த்து நீளமாகப் பெருமூச்சு விட்டான்.

"சாகறதா? லூசு! வாழ்க்கையில ஒரு தடவை வர்ற மான்டா அது, கண்ணு முன்னாடி கோட்டை விட்டேனே, வயிறு எரியாதா? ஆனா என்ன பண்றது..." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த நடுக்காட்டிலும் குரலைத் தாழ்த்தினான்.

"பிரீத்திக்கு நாலாவது மாசம்டா, இன்னும் யார்கிட்டயும் சொல்லல. குழந்தை பொறக்கற வரைக்கும் நான் சவரம் பண்ணக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, ஒரு உசுரையும் எடுக்கக் கூடாது!"