செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்

நாலுவழிச் சாலை போடுவதற்கு முன்னால் தொல்லியல்காரர்கள் எங்கள் பொட்டலில் குழி வெட்டினார்கள். கூலிக்கு நானும் போனேன். குழிக்குள் செருப்புக் கூடாது, மேட்டில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆளாழத்தில் பழைய களிமண் தரை வந்தது. அதில் ஒரு வெறுங்கால் தடம். தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள அது அடுத்தடுத்து நடந்துவந்து, நாங்கள் வெட்டியிருந்த படிக்கட்டின் கீழே முடிந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது. கடைசித் தடம் ஈரமாக இருந்தது. மதியம் மேலே ஏறினால் என் செருப்பைக் காணோம்.

“அவருக்கும் வெயில்ல கால் சுடும்லா, அண்ணாச்சி,” என்றான் கூடத் தோண்டும் கொம்பையா. சிரித்துக்கொண்டே சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

என் செருப்பு வாசலில் கிடந்தது, முனை வீட்டைப் பார்த்தபடி. வாரெல்லாம் ஈரக் களிமண்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கூப்பிட்டாள். “வெளிய என்னத்துக்கு நிக்கிய? உங்ககூட வேல பாக்குறவரு வந்திருக்காரு. பேசவே மாட்டேங்காரு, செம்ப மட்டும் நீட்டுதாரு. ரெண்டாவது குடமும் தீரப்போவுது.”

எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு குடம்தான்.