இடுப்பைப் பற்றி மட்டும் பேசாதே

மூன்றாவது முறையாக அவள் தன் நாற்காலியை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். கதவோரம் பட்டியலோடு நின்ற கிளார்க், "இந்தக் காலத்துல இப்படி ஒரு நல்ல மனசா" என்று வாய்விட்டே சொன்னார்.

நல்ல மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் இடுப்பு இறுகிவிடும், அப்புறம் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு வந்தவளுக்கே ஒரு நர்ஸ் தேவைப்பட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த ஏழாம் மாதம், குளியலறை வாசலில் தள்ளாடி விழப்போன தொண்ணூறு கிலோ ஆசாமியை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தாள். கூப்பிட்டால் ஓடிவர வார்டில் மூன்று பேர் இருந்தார்கள். புதுப்பெண்ணுக்குத் துப்பில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற வீம்பில் கூப்பிடவில்லை. அந்த ஆசாமி நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். இவள்தான் படுத்த படுக்கையானாள்.

இப்போது வேலைக்குப் போகலாம், தனியாக யாரையும் தூக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அப்படியே ஒப்பித்த இரண்டு ஆஸ்பத்திரியிலும் மறுபேச்சில்லாமல் ஃபைலை மூடிவிட்டார்கள்.

செல்போன் அதிர்ந்தது. கணவன்.

"இடுப்பைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

"கேட்டா?"

"பொய் சொல்லு. எங்கம்மாகிட்ட எவ்வளவு அழகா சொல்றே."

அவள் சிரிக்கவில்லை. இதுவும் கைநழுவினால் இனி எங்கேயும் விண்ணப்பம் போடுவதில்லை என்று காலையில்தான் முடிவு செய்திருந்தாள். அதை நினைக்க நினைக்க நடை இன்னும் வேகமானது.

அவளுக்கு முன்னால் உள்ளே போன பெண் வெளியே வந்தாள். பயில்வான் மாதிரி தோள், முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது.

"என்னம்மா கேட்டாங்க?"

"ஊசி, மருந்து ஒண்ணும் கேக்கலக்கா. முதுகு எப்படி, இடுப்பு எப்படின்னு ஒரே நோண்டல். மூட்டையே தூக்குவேன்னு சொன்னேன். சொல்லி அனுப்பறோம்னுட்டாங்க."

இந்த உடம்பையே இப்படித் துருவினார்கள் என்றால் தன் கதி என்ன? நல்லவேளை, கணவன் சொன்னதுதான் சரி.

கடைசியாக அவள் முறை. உள்ளே மேட்ரன் சான்றிதழ்களை ஒதுக்கிவைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"ஏழு மாசம் வேலை. அப்புறம் ஒன்பது வருஷம் ஒண்ணுமே இல்ல. ஏம்மா?"

"குழந்தை மேடம்."

"குழந்தை வயசு ஆறுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அதுக்கு முன்னாடி கல்யாணம் மேடம்."

மேட்ரன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "யாரையாவது தூக்கறப்ப அடிகிடி பட்டுச்சா? பயப்படாம சொல்லுங்க."

பயப்படாமல் சொல்லச் சொல்பவர்களிடம்தான் பயப்பட வேண்டும் என்பது அவள் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. தொண்டைவரை வந்த உண்மையை விழுங்கினாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

சொன்னதோடு விடவில்லை. மேஜையிலிருந்து உருண்டு விழுந்த பேனாவைச் சடக்கென்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள். இடது கால் குதிகால்வரை சுரீரென்று இழுத்தது; முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

மேட்ரன் பெருமூச்சு விட்டார். "சரிம்மா. சொல்லி அனுப்பறோம்."

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது. வெட்கமாக இருந்தாலும், மற்ற இரண்டு இடத்தைப் போல முகத்துக்கு நேரே ஃபைலை மூடவில்லை, பொய் பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் தைரியமும் வந்தது.

சரியாகச் சாத்தாத கதவு வழியே, பட்டியலோடு உள்ளே போயிருந்த கிளார்க்கின் குரல் கேட்டது.

"எட்டு பேருமே நல்லா திடமாத்தானே இருக்காங்க மேடம். ஒருத்தரையாவது எடுத்திருக்கலாமே?"

"புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு, ஆளைத் தூக்கறப்ப தன் உடம்பை எப்படிக் காப்பாத்திக்கறதுன்னு சொல்லிக்குடுக்கற வேலை இது. திடமா இருக்கறவ சொன்னா அதுங்க காதுலயே வாங்காது."

"அதை விளம்பரத்துலயே போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருந்தா ஊர்ல பாதிப் பேரு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க."

மேஜை மேல் ஃபைல்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேட்ரன் சொன்னார்.

"அடிபட்டவ ஒருத்தியாவது வருவான்னு பாத்தேன். வரல."