நூற்றுப் பன்னிரண்டு

மரம் விழுந்ததில் சந்தோஷப்பட்டது அவள் ஒருத்திதான்.

அதை வெளியே சொல்ல முடியுமா? முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. மே மாதக் கடைசி. முதலில் ஆலங்கட்டி மழை காரின் கூரையில் படபடவென்று கொட்டியது. பிறகு காற்று. பிறகு நாலு வண்டிக்கு முன்னால் ஒரு தைலமரம் ரோட்டுக்குக் குறுக்கே சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

ஊட்டிக்கு டூர் என்றுதான் மகள் தன்விகாவிடம் சொல்லியிருந்தார்கள். படகு, குதிரை, சாக்லேட்.

அதற்கப்புறம் ஹாஸ்டல்.

அதை மட்டும் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கியதும் சொல்வதாக முடிவு. யார் சொல்வது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு வாரம் இழுபறி.

புருஷன் பூபதியின் தறி நின்று எட்டு மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டும். இரண்டு வருட வேலை. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது.

ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் நாளைக்குத்தான்.

மரம் அப்படியே கிடக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு ராத்திரி. பிள்ளை அவள் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கும். அது போதும்.

மழை கொஞ்சம் தணிந்ததும் எல்லா வண்டிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். யாரிடமோ அரிவாள் இருந்தது. பின்னால் நின்ற லாரியில் கயிறு இருந்தது. பூபதி பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு போனான்.

அவன் பின்னாலேயே தன்விகாவும் ஓடினாள். நனையாதே என்று இவள் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை.

வெட்டிப் போட்ட கிளைகளைப் பிள்ளை தரதரவென்று இழுத்துப் போய் ஓரத்தில் தள்ளினாள். மூச்சு வாங்கியது. சிரித்தாள். லாரிக்காரர் "கெட்டிக்காரி" என்றார். அதற்கப்புறம் தன்னைவிடப் பெரிய கிளையாகப் பார்த்துப் பிடித்தாள்.

விட்டுவிடு தங்கம் என்று அம்மாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நாலரைக்கு வழி கிடைத்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தன்விகாவும் தட்டினாள்.

இனிப் படகுக்கு நேரமில்லை.

பிள்ளை சொட்டச் சொட்ட வந்து நின்றது. பல் தந்தியடித்தது. கார் கூரைமேல் கேரியரில் கட்டியிருந்த துணிப்பையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். காய்ந்த துணி, டிக்கியில் இருந்த டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது.

அது அப்பாவின் சிநேகிதருக்குக் கொடுக்க வேண்டிய சாமான் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பூபதி மனைவியைப் பார்த்தான்.

காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது. அவள் பெட்டியைத் திறந்தாள்.

புது கவுன். புது ஸ்வெட்டர். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலில் 112.

எல்லாத் துணியிலும் பிள்ளைக்குக் கொடுத்த எண்ணைத் தைத்திருக்க வேண்டும் என்பது ஹாஸ்டல் சட்டம். தன்விகா விளையாடப் போகும் நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, கைக்குட்டை வரைக்கும் அவள்தான் தைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அழுதாள்.

தன்விகா பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கவுனை எடுத்துப் பார்த்தாள். குனிந்து துண்டின் ஓரத்தைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள்.

எதிர்வீட்டு அக்கா ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போது, கொடியில் காயும் அவளுடைய துணியிலும் இப்படித்தான் எண் இருக்கும்.

"ஏறு சாமி" என்றான் பூபதி.

தன்விகா துணியை மாற்றிக்கொண்டு ஏறினாள். வழக்கமாக இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு வருகிறவள், ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. அவள் இழுத்துப் போட்ட கிளைகளைத் தாண்டியது.

இரண்டு வளைவு போன பிறகு கேட்டாள்.

"அம்மா, நூத்திப் பதிமூணு யாரும்மா?"