பின்சக்கரத்துக்கு நல்ல பேடு

"முன்னால சாதா பிரேக் பேடு போதும் தம்பி. ரேஸ் பேடைப் பின்சக்கரத்துல போடுங்க. இன்னைக்கே வேணும்."

வேல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு அடியில் படுத்தே பாதி வயதைக் கழித்தவன். கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பாடம் நடத்த ஆள் வந்தாச்சு!

"உல்டாவாச் சொல்லுதீங்க அண்ணாச்சி. பிரேக்கை மிதிச்சா பாரம் பூரா முன்னாலதான் வந்து விழும். அதனால நல்ல பேடு முன்னால. அதைப் பின்னால போட்டா பின்சக்கரம் முதல்ல இறுகிரும். வண்டி பம்பரமாச் சுத்திரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குதீங்க?"

தங்கப்பாண்டியன் காரின் கூரையைத் தடவினார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. சட்டை வேட்டி எல்லாம் பளிச்சென்று இருந்தது. செருப்பில் மட்டும் கரிசல் மண் அப்பியிருந்தது.

"ஊருக்கு வெளிய பழைய விமான ஓடுபாதை இருக்குல்லா, அதுல ஒரு வெள்ளைக்கோடு போட்டிருக்கு. வண்டி கரெக்டா அதுல நிக்கணும். நிக்கலேன்னா எம்மகன் எனக்கில்லை. நாளைக்கு ஆனா பிரயோசனமும் கிடையாது."

இளவட்டங்கள் அங்கே காரை வைத்துக்கொண்டு பந்தயம் விடுவதை வேல்ராஜும் கேள்விப்பட்டிருந்தான்.

"மகன் வண்டியா அண்ணாச்சி?"

"அவன் வண்டிதான். பாலகணேஷ்னு பேரு."

"சரி, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ரெடி பண்ணி வைக்கேன்."

அவர் போனதும் சக்கரங்களைக் கழற்றினான். பழைய பேடுகளைக் கையில் எடுத்தவன் முகம் சுளித்தான். எந்தக் காரிலும் பேடின் ஓர் ஓரம் கொஞ்சம் முந்தித் தேயும். இதில் அதற்கு எதிர் ஓரம் தேய்ந்திருந்தது. நாலு சக்கரத்திலும் அப்படித்தான். இதென்ன கூத்து என்று இருந்தது அவனுக்கு.

புதுப் பேடுகளை எடுத்தான். கை ஓடவில்லை. பெத்த தகப்பனே பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறார், அதற்கு நானும் உடந்தையா? மாட்டவே மாட்டேன்! ரேஸ் பேடை முன்னால் போட்டான். சாதா பேடைப் பின்னால் போட்டான். கடையில் வேறு ஈ, காக்கை இல்லை. பார்த்தது சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் மட்டும்தான்.

"நீங்க சொன்னபடியே போட்டாச்சு அண்ணாச்சி."

"நல்லா இருப்பீங்க தம்பி. கூட வாங்க. கோட்டுல நிக்கதை நீங்களும் பாக்கலாம்."

உச்சி வெயில். ஓடுபாதையின் இருபுறமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆள் அரவமே இல்லை. தங்கப்பாண்டியன் வண்டியை மெல்ல உருட்டி, வெள்ளைக்கோட்டைத் தாண்டி, அந்தக் கோடி வரைக்கும் போய் ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்தினார். மரத்தில் ஒரு பக்கம் பட்டை உரிந்திருந்தது.

"மகன் எங்க அண்ணாச்சி?"

அவர் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். சாத்தினார். வண்டி பின்பக்கமாக லேசாகத் தணிந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது போலும் என்று வேல்ராஜ் நினைத்துக்கொண்டான்.

"போன வருசம் இங்கனதான் அவன் போயிட்டான் தம்பி. கொள்ளி வச்சதும் 'திரும்பிப் பாக்காம வாங்க'ன்னாவ. நானும் பாக்கல, பாவி. அதான் பிள்ளை இங்கனயே நிக்கான். புறப்பட்ட கோட்டுல கொண்டுபோய் இறக்கிட்டா வீட்டுக்கு வந்துருவான். நாளைக்கு வருசத் திதி. அதுக்குப் பொறவு கூப்பிட்டா வரமாட்டான்."

வேல்ராஜ் கதவின் கைப்பிடியைத் தேடினான். பித்துப் பிடித்த மனுஷன் வண்டியில் ஏறிவிட்டோமே!

தங்கப்பாண்டியன் உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடியையே பார்த்தபடி ரிவர்ஸ் கியரைப் போட்டார். "இந்தத் தடவ திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போவேன்."

வண்டி ஊளையிட்டுக்கொண்டு பின்னால் பாய்ந்தது. வேல்ராஜுக்கு எல்லாம் அப்போதுதான் உறைத்தது. எதிர் ஓரம் ஏன் தேய்ந்தது, நல்ல பேடு ஏன் பின்னால் வேண்டும். பின்னோக்கிப் போகிற வண்டிக்குப் பாரம் பின்னால்தானே விழும்!

"அண்ணாச்சி, மெதுவா! வேண்டாம்!"

கோடு வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் இரண்டும் இறுக, வண்டியின் மூக்கு சுழன்றது. கோடு அவர்களுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு எங்கோ போயிற்று. சுற்றிச் சுற்றிக் கடைசியில் கரிசலுக்குள் இறங்கித்தான் கார் நின்றது.

தங்கப்பாண்டியன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். "பழைய பேடுலகூட ஒரு முழந்தான் தாண்டும்... இப்படிச் சுத்தினதே கிடையாது!" அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நான் சொன்னபடிதான போட்டீங்க?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேல்ராஜுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா அண்ணாச்சி. பின்னாலதான் போட்டேன்."

யாருமே இல்லாத பின்சீட்டிலிருந்து, வேல்ராஜின் காதோரமாக, ஓர் இளவட்டக் குரல் கேட்டது.

"அப்பாகிட்டப் பொய் சொல்லாதீங்கண்ணே... முன்னாலதான போட்டீங்க?"