குறுக்கே நிற்பது

“எல்லாம் உன்னாலதான்டி! நீ இதைத் தொட்டாலே என் நெட் செத்துப்போகுது!”

கத்திக்கொண்டே கணவன் மனைவியின் லேப்டாப்பைப் படாரென்று மூடினான். அவள் விரல் நசுங்காமல் தப்பியது பெரிய விஷயம்.

இன்று சாயங்கால வீடியோ மீட்டிங்கில், அவன் ஆபீஸின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவுக்கு யார் தலைவர் என்பது முடிவாகப் போகிறது. இந்த வாரம் பூராவும் அவன் பேசினால் அந்தப் பக்கம் குரல் இழுத்து இழுத்துத்தான் கேட்கிறது. “முதல்ல உங்க கம்ப்யூட்டரைக் காப்பாத்துங்க, அப்புறம் எங்களோடதைக் காப்பாத்தலாம்” என்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் எரிந்தது.

“நான் இப்பதாங்க திறந்தேன். உங்களுக்குக் காலையிலேர்ந்தே இழுக்குது.”

“எதிர்த்துப் பேசாதே! உங்கக்காகிட்ட என்னைச் சிடுமூஞ்சின்னு சொன்னவதானே நீ?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதை யார் சொன்னா உங்களுக்கு?”

“எனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு ஈ பறக்காது.”

அவன் கேபிளை மாற்றினான். மோடத்தை அணைத்துப் போட்டான். நெட்வொர்க் கார்டை வேலை வாங்குகிற டிரைவர் புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டைத் தூங்க வைக்கிற வசதியையும் நிறுத்தினான். ஊஹும், அதே இழுவை. மேசையை ஓங்கிக் குத்தியதில் பேனா ஸ்டாண்டு உருண்டதுதான் மிச்சம்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னோடதும் இப்படித்தான் இழுத்துது. இப்ப நல்லா இருக்கு” என்றாள் அவள், பேனாக்களைப் பொறுக்கியபடி.

“அப்ப உன் பீடைதான் எனக்கு ஒட்டிக்கிச்சு. வாயை மூடிக்கிட்டு உள்ளே போ. மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது, எனக்கு டிரைவர் பத்திப் பாடம் எடுக்க வந்துட்டா!”

அவள் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

போன் அடித்தது. டைரக்டர்! இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். குரல் உடனே தேனாகிவிட்டது.

“சார், டிரைவர்ல சின்னத் தகராறு சார். இதோ முடிஞ்சிடும்.”

“ஆன்டிவைரஸ் என்ன சொல்லுது?”

“சுத்தம்னு சொல்லுது சார்.”

“அதை நம்பாதீங்க. டிரைவர் மேல ஏதாவது குறுக்கே உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. போறது வர்றது எல்லாத்தையும் நகல் எடுத்து வெளியே அனுப்பற உளவு புரோகிராம் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு. அது இருந்தா இப்படித்தான் இழுக்கும்.”

“என் மெஷின்லயா சார்? எவனுக்கு அந்தத் தைரியம் வரும்!”

“பாருங்க, நான் லைன்லயே இருக்கேன். அந்த மாதிரி ஆசாமி நம்ம ஆபீஸ்ல இருந்தா ஒரு நிமிஷம் வெச்சுக்க மாட்டேன்.”

“சரியாச் சொன்னீங்க சார். அவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வெச்சுக் கேக்கணும்!”

டிரைவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவற்றின் வரிசையைத் திறந்தான். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றான். ‘பிரிண்டர் உதவி’ என்று இருந்தது. இந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“என்ன, ஏதாவது இருக்கா?” என்றது போன்.

“ஒ… ஒண்ணும் இல்ல சார். எல்லாம் க்ளீன்.”

அவசர அவசரமாக அழிக்கும் பொத்தானைத் தேடினான். அதற்குள் அவள் வந்து போனருகே குனிந்துவிட்டாள்.

“இருக்கு சார். இவர் என் லேப்டாப்ல ஒளிச்சு வெச்சதுதான், நான் எடுத்து இவருக்கே போட்டேன்.”