உள்ளூர் ஓட்டம்

“காரை லீஸுக்கு எடுக்க வேண்டாங்க, சொந்தமாவே வாங்கிடலாம்” என்றாள் மனைவி. “வாரம் பூரா வெளியூரா சுத்துறீங்க. லீஸ்ல கிலோமீட்டர் தாண்டினா அபராதமாம்.”

விற்பனைப் பிரதிநிதியான கணவன் தலையாட்டினான்.

“ஆமாக்கா, அத்தான் பாவம். வீட்டுல தூங்குறதே ரெண்டு நாள்தான்” என்றாள் கூட வந்த தங்கை.

புதியதற்கு மாற்றாகக் கொடுக்க அவர்கள் கொண்டுவந்த பழைய காரைச் சோதித்த மெக்கானிக், ஷோரூமுக்குள் வந்தார்.

“உங்களுக்கு லீஸ்தான் சார் லாபம். இது வெறும் உள்ளூர் ஓட்டம்தான் ஓடியிருக்கு.”

“மீட்டர் ரிப்பேர்” என்றான் கணவன்.

“டயருமா சார் ரிப்பேர்? தேயவே இல்லையே!”

மனைவி கணவனைப் பார்த்தாள். “அப்போ ராத்திரியெல்லாம் எங்க தங்குனீங்க?”

அடுத்த தெருவில் தனியாகக் குடியிருக்கும் தங்கை, கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இவரைச் சொந்தம்னு நெனச்சேன்டி. லீஸ்ல விட்டிருக்கேன்னு தெரியாமப் போச்சு. இனி நீயே வச்சுக்கோ. திருப்பிக் கொண்டாந்து விட்டா, அபராதம் உனக்குத்தான்.”